ஜீயபுரம் லாரிக் கூட்டத்தில் மாறிய தட்டு

லாரியின் பின்பலகையை இறக்கிச் சங்கிலியில் தொங்கவிட்டால் அருமையான மேடை கிடைக்கும். ஜீயபுரத்தில், ஒரு வாழைத் தோட்டத்தின் ஓரம், அந்த மேடையில் நின்றுகொண்டு, தகரக் குழாயை வாயில் வைத்து நான் நாட்டை முன்னேற்றிக்கொண்டிருந்தேன்.

"லாரி ஓட்டுநர் யார்? வெறும் வண்டிக்காரரா? இல்லை, பெரியோர்களே, இல்லை! நீங்கள் விளைவித்ததை நாலு ஊர் சனங்களின் வாய்க்குக் கொண்டு சேர்ப்பவர் அவர். அவரைவிடக் கண்ணியமான தொழில் செய்பவர் இந்தத் திருச்சி ஜில்லாவில் யார் இருக்கிறார்கள்?"

கீழே ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காய்ந்த வாழைச் சருகின் வாசனையும் எங்கள் வண்டியின் டீசல் வாசனையும் கலந்து வந்தன. கண்ணியமான தொழில் செய்பவர், அதாவது டிரைவர் தங்கவேலு, முன்னால் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

முன்வரிசையில் நல்லுசாமி என்ற பெரியவர் இருந்தார். அந்தப் பக்கத்தில் அவர் தோட்டம்தான் பெரிது. அவருடைய வாழைத்தார் எந்த வண்டியில் ஏறுகிறதோ, ஊர்த் தாரெல்லாம் அந்த வண்டியில்தான் ஏறும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, எல்லாம் நல்லாத்தான் சொல்றீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இம்புட்டுக் கண்ணியமான தொழிலுங்கிறீங்களே, லாரி ஓட்டுறவனுக்கு நீங்க பொண்ணு குடுப்பீங்களா?"

கூட்டம் சிரித்தது. மேடையில் நிற்பவனுக்குக் கூட்டம் சிரித்தால் ரோஷம் வந்துவிடும். எனக்கும் வந்தது.

"ஏன் கொடுக்க மாட்டேன்? என் கூடப் பிறந்த தங்கையையே கொடுப்பேன்!" என்றேன்.

கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைத்ததில்லை.

மூன்றரை லாரி

ரயில்வே உத்தியோகத்துக்கு மூன்று தடவை மனுப் போட்டு மூன்று தடவையும் மூக்கு உடைபட்டதைப் போன வாரம் எழுதியிருந்தேன். "தோற்றதை இவ்வளவு பெருமையாக எழுத எப்படி மனம் வருகிறது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பழக்கம்தான் அம்மா, வேறொன்றுமில்லை.

அப்படித் தோற்ற கையோடுதான் லாரி முதலாளியிடம் வந்து சேர்ந்தேன். ஐம்பதுகளின் கடைசியாக இருக்கலாம், அறுபது பிறந்துவிட்டிருக்கவும் கூடும். முதலாளிக்கு மூன்றரை லாரி. மூன்று ஓடும். அரை லாரி சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கும், மற்ற மூன்றும் படுத்தால் பாகம் கழற்றித் தருவதற்காக.

இன்றைக்கு ஆஸ்பத்திரி போக ஆட்டோக்காரரிடம் சண்டை போடுகிறீர்களே, அந்தத் தில்லை நகர்ப் பக்கமெல்லாம் அப்போது வயல். வயலோரம் ஒரு கீற்றுக் கொட்டகை. அதுதான் எங்கள் தலைமை அலுவலகம். தவளைகள் தாராளமாக வந்து போகும்.

"சனங்களுக்கு லாரி மேல நம்பிக்கை இல்லய்யா. மாட்டுவண்டி, ரயிலு, இத விட்டா வேற தெரியல. நீ படிச்சவன். ஊர் ஊராப் போய்ப் பேசு" என்றார் முதலாளி. எனக்கு விளம்பர அதிகாரி என்று பட்டம் கொடுத்தார். நாற்காலி கொடுக்கவில்லை.

நம்பிக்கை இல்லை என்பது உண்மைதான். டீசல் புகை பட்டால் வாழைக்காய் கறுத்துவிடும் என்று ஜீயபுரத்தில் பேச்சு. புடவைக் கட்டில் கிரீஸ் வாடை ஏறிவிடும் என்று எங்கள் உறையூர் நெசவாளர்கள் சொன்னார்கள். இதையெல்லாம் மறுத்துப் பேசுவதுதான் என் வேலை. பேச்சின் கடைசியில் டிரைவர் தொழிலின் மேன்மை வரும். அந்தப் பகுதியை நானே எழுதி, கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

மேடையில் "மதிப்புக்குரிய ஓட்டுநர் தங்கவேலு அவர்கள்" என்பேன். கீழே இறங்கியதும், "தங்கவேலு, போய் ஒரு டீ வாங்கிட்டு வா" என்பேன். அவரும் வாங்கிக்கொண்டு வருவார்.

அவர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். என் சாதிக்காரர்தான், குளித்தலைப் பக்கம் விவசாயக் குடும்பம். வண்டி ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். பள்ளம் வந்தால் ஏற்றிய சரக்குக்கு நோகுமே என்பதுபோல் பிரேக்கை மெதுவாக மிதிப்பார். இரண்டு இடத்தில் அவருக்குப் பெண் கேட்டு, "டிரைவருக்கா?" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதை அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். நானும் கூடச் சிரித்தேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு விண்ணப்பம்

ஜீயபுரத்துக்கு முன்னால் ஸ்ரீரங்கத்தைப் பிடிக்கப் பார்த்தோம். பாலம் தாண்டி, மொட்டைக் கோபுரத்துக்குள் நுழைந்து, சித்திரை வீதியில் வண்டியை நிறுத்தினேன். வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் வண்டியை எடுக்கச் சொல்ல வந்தவர்கள்.

ஓய்வுபெற்ற சமஸ்கிருத வாத்தியார் ஒருவர் கண்ணை மூடி முழுப் பேச்சையும் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"அடியேனுக்கு ஒரு விண்ணப்பம். லோகத்துக்கே படியளக்கிற பெருமாள் ஸ்ரீபாதந்தாங்கிகள் தோள்லதான் எழுந்தருள்றார். இத்தனை காலமா ஒரு குறையும் இல்லை. உங்க லாரியில எதை ஏத்தறதா உத்தேசம்?"

"வீட்டுச் சாமான்கள், நெல் மூட்டை..." என்று இழுத்தேன்.

"நெல் வாசலுக்கே வந்துடறது. சாமான் எங்கேயும் போறதில்லை. நாங்களும் எங்கேயும் போறதில்லை. ஆனா ரொம்ப ஸ்பஷ்டமாப் பேசினேள். க்ஷேமமா இருங்கோ" என்று காபி கொடுத்து அனுப்பினார்.

அவரேதான் அப்புறம் கும்பகோணத்திலிருந்து ஒரு பீரோவைக் கொண்டுவரச் சொன்னார். வண்டியைக் கழுவ வேண்டும், வருகிறவர்கள் ஸ்நானம் பண்ணியிருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். தங்கவேலு குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார். குளிக்காமல் போனது நான்.

"மூணு மாசம் தொண்டை கிழியப் பேசுனதுக்கு ஒரு பீரோவாய்யா?" என்றார் முதலாளி. ஜீயபுரம் வாழைத்தார் வராவிட்டால் நான் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அதனால்தான் ஜீயபுரத்தில் தொண்டையோடு தங்கையையும் சேர்த்துக் கொடுத்தேன்.

தட்டு

கைதட்டல் ஓய்ந்த பிறகும் நல்லுசாமி உட்காரவில்லை.

"தங்கச்சி இருக்காங்களா தம்பி?"

"இருக்கு."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இன்னும் இல்லைங்க."

"எந்த ஊரு, எந்த வகையறா?"

உறையூர் என்றேன். அப்பா தாலுகா ஆபீசில் எழுத்தராக இருப்பதையும், பூர்வீகம் எது, வகையறா எது என்பதையும் குழாய் வழியாகவே ஊருக்கு அறிவித்தேன். பெரிய மனிதர் என் பேச்சில் மயங்கி என்னைப் பற்றி விசாரிக்கிறார் என்று நினைப்பு.

கூட்டம் முடிந்தால் ஊர்ப் பெரியவர் கையில் தாம்பூலத் தட்டு ஒன்று கொடுப்பது எங்கள் வழக்கம். வெற்றிலை, பாக்கு, பழம், நடுவில் எங்கள் கம்பெனி நோட்டீஸ். ஜீயபுரம் பெரிய இடம் என்பதால் முதலாளியம்மா அன்றைக்கு ஒரு தேங்காயும் மஞ்சளும் ஒரு முழம் பூவும் சேர்த்து வைத்திருந்தார். இரண்டு கையாலும் எடுத்து நல்லுசாமியிடம் கொடுத்தேன்.

அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரும்பி யாரிடமோ ஜாடை காட்டினார். அவர் வீட்டம்மா தோட்டத்து வீட்டுக்குள் போய் இன்னொரு தட்டோடு வந்தார். அதிலும் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய். பெரியவர் அதை என் கையில் கொடுத்தார். மரியாதைக்குப் பதில் மரியாதை என்று நானும் வாங்கிக்கொண்டேன்.

பெண்கள் குலவை போட்டார்கள். லாரிக்குக்கூடக் குலவை போடுகிறார்களே, என்ன முற்போக்கான ஊர் என்று பூரித்துப் போனேன்.

எங்கள் பக்கத்தில் நாலு பேர் முன்னால் பெண் தருகிறேன் என்று சொல்லித் தட்டு மாற்றிவிட்டால் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் பின்வாங்கினால் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. இது எனக்குத் தெரியாததல்ல. எத்தனையோ நிச்சயதார்த்தத்தில் நானே பந்தி பரிமாறியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் பேச்சின் அழகில் நானே கிறங்கிப் போயிருந்தேன். நல்லுசாமி தங்கவேலுவின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்பதும் எனக்குத் தெரியாது.

தங்கவேலு வண்டியைவிட்டு இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வெயில் போல என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது குடமுருட்டிப் பாலம் வரை அவர் எப்போதும்போல் ஓட்டினார். பாலத்தில் வண்டியை மெதுவாக்கி, "சார், நெசமாத்தான் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"பின்ன? நான் பேசினதுல எதாவது பொய் உண்டா?" என்றேன், தொழிலின் மேன்மையை மனதில் வைத்துக்கொண்டு.

அவர் சாலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

விருந்தாளிகள்

அந்த வெள்ளிக்கிழமை காலை எங்கள் உறையூர் வீட்டு வாசலில் ஐந்து பேர் வந்து நின்றார்கள். நல்லுசாமி, அவர் வீட்டம்மா, உறவுக்காரர்கள் மூன்று பேர். கையில் பூ, பழம், ஒரு புடவை.

"சம்பந்தி இருக்காங்களா?" என்று அவர் கேட்டபோது அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று.

எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அப்பா தாலுகா ஆபீசில் ஊறியவர். முடியாது என்ற சொல்லை அவர் யாரிடமும் சொன்னதில்லை. "ஜாதகம் பாத்துட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார். அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்தாள். புடவையைத் தொடவில்லை.

"பாருங்க, பாருங்க. அடுத்த செவ்வாக்கெழம தார் வெட்டுறோம்" என்று நல்லுசாமி எழுந்தார். "மாப்ள ஓட்டுற வண்டி, நம்ம தம்பி வாக்குக் குடுத்த வண்டி, அதுலதான் ஏத்தணும்னு ஊர்ல சொல்லிட்டேன். பொண்ணு விசயத்துலயே சொல்லு சுத்தமா இருக்குறவரு, காய் விசயத்துல ஏமாத்துவாரா? வரும்போது நல்ல சேதியாக் கொண்டாங்க."

அவர்கள் தெருமுனை திரும்பும் வரை அப்பா சிரித்த முகத்தோடு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டிரைவருக்காடா?"

"அது சும்மா... விளம்பரத்துக்குச் சொன்னதுப்பா."

தங்கை கமலா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள்.

"அண்ணே, ஊர் ஊரா அவரப் பத்தி நல்லவரு, வல்லவருன்னு பேசுறியே. அதெல்லாம் நெசமா, பொய்யா?"

"நெசந்தான்."

"அப்பறம் என்ன?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, உள்ள போ" என்றேன். வேறு பதில் இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேன்.

முதலாளியிடம் ஓடினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நல்ல பையன்தானேய்யா, குடுத்துடேன். நம்ம கம்பெனிக்கு இத விட வேற விளம்பரம் வேணுமா?" என்றார்.

"உங்களுக்கு ரெண்டு பொண்ணு இருக்குதே முதலாளி?"

"நான் எந்தக் கூட்டத்துலயும் பேசலையே!" என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை

தங்கவேலு சட்டையை வெளுத்துத் தேய்த்துப் போட்டிருந்தார். தலை படிய வாரியிருந்தார். போகும் வழியில் நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வயலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை. அந்த இரண்டு பார்வையிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

தோட்டத்தில் வெட்டிய தார்கள் சருகு விரித்து அடுக்கப்பட்டிருந்தன. காம்பில் பால் வடிந்துகொண்டிருந்தது. ஆட்கள் தோளில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள்.

நல்லுசாமி நேராக என்னிடம் வந்தார். "தம்பி, ஜாதகம் என்னாச்சு?"

பொருந்தவில்லை என்று சொல்வதாக உத்தேசம். எந்த நட்சத்திரம், எந்த தோஷம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. நாலு ஊர் கேட்கக் கத்துகிறவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

"அவரக் கேக்காதீங்க மாமா" என்றார் தங்கவேலு. "நாந்தான் வேணாம்னுட்டேன்."

"என்னது?"

"ரோட்டுல கெடக்குற பொழப்பு. எனக்கு இப்பக் கல்யாணம் தோதுப்படாது. அவங்க வீட்டுல சம்மதிச்சாங்க. நாந்தான் மாட்டேன்னேன்."

வெட்டுவதற்கு வந்தவர்கள், சுமப்பதற்கு வந்தவர்கள், அவரைப் பத்து நாளாக மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள், அத்தனை பேர் முன்னாலும் நல்லுசாமி கத்தினார். "சபையில தட்டு மாத்துன பொறவு வேணாங்குறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா? ஒரு பொண்ணப் பேர் சொல்லிட்டு விட்டா அது வாழ்க்க என்னடா ஆவறது? ஒனக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னாங்களே, அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க!"

தங்கவேலு திரும்பி வண்டிக்குப் போனார். பின்பலகையை இறக்கினார். ஏற்றுகிறவர்களுக்குச் சருகு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

நல்லுசாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "எங்க பையன் பண்ணுனதுக்கு நான் மன்னிப்புக் கேக்குறேன் தம்பி. ஒங்க சொல்லு சுத்தம். இனிமே எங்க ஊர்க் காயி வேற வண்டியில ஏறாது" என்றார். நான் தலையாட்டினேன். ஆமாம், தலையைத்தான் ஆட்டினேன். அப்போதும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். ஆட்களுக்கு மோர் வந்தது. தங்கவேலுவுக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் வாய்க்காலில் இறங்கி இரண்டு கை தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டு வந்தார்.

குடமுருட்டிக்கு இந்தப் பக்கம்

லோடு ஏற்றித் திருச்சிக்குத் திரும்பும்போது பாலம் தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"ஏன் அப்படிச் சொன்ன தங்கவேலு?"

"காய வெட்டிட்டாங்க சார். நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் வெயில்ல கெடந்தா என்னாவுறது?" என்றார்.

நான் என்னென்னவோ சொன்னேன். அப்பா கட்டாயம், அம்மா உடம்பு, முதலாளியிடம் சொல்லிச் சம்பளம் கூட்டித் தரச் சொல்கிறேன் என்பது வரைக்கும் சொன்னேன். நன்றாகத்தான் சொல்லியிருப்பேன். அதுதானே என் தொழில்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார். "அதெல்லாம் வேணாம் சார். உங்க பேச்ச முப்பது நாப்பது தடவ கேட்டுருக்கேன். எல்லாம் வெளம்பரத்துக்குச் சொல்றதுன்னு தெரியும். அன்னிக்கு மட்டுந்தான் நம்பிட்டேன். இனிமே கூட்டம் போட்டீங்கன்னா வேற டிரைவரக் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் லோடு மட்டும் ஓட்டுறேன்."

ஜீயபுரம் லோடு எங்கள் கம்பெனிக்கு வருஷக் கணக்கில் நின்றது. முதலாளி எனக்கு நாற்காலி வாங்கிப் போட்டார். தங்கவேலு ஒரு வருஷம் போல இருந்துவிட்டு, பெங்களூர்ப் பக்கம் ஓடும் வேறு ஒருவரின் வண்டிக்குப் போய்விட்டார். கமலாவை ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்குக் கொடுத்தோம். அந்தக் கல்யாணத்துக்கு நல்லுசாமி ஒரு வண்டி வாழைத்தார் அனுப்பியிருந்தார், தங்கள் பையன் செய்த தப்புக்குப் பிராயச்சித்தமாம். அத்தனை பந்தியிலும் அந்தப் பழம் பரிமாறினார்கள். நான் சாப்பிடவில்லை என்று எழுத ஆசைதான். சாப்பிட்டேன்.

ஜீயபுரத்தில் லோடு ஏற்றியதற்கு அடுத்த வாரம் முசிறியில் கூட்டம். வேறு டிரைவர் வந்திருந்தார், கல்யாணம் ஆகாதவர். அவரும் முன்னால் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நான் பேசியதை ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்தில் யாராவது எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டே பேசினேன். யாரும் கேட்கவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அன்றைக்கு அப்படி இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.